நன்னூலார் விட்ட மூன்றாம் ஆள்

பாயிரம்

பவணந்தி முனிவர் எதையும் விட்டுவைக்கிறவர் அல்லர். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நான்கு உவமை சொன்னார். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நான்கு: கழற்காய் போட்ட குடம், மடல் அடர்ந்த பனை, பஞ்சு அடைத்த குடுக்கை, வேலி தாண்டிக் காய் போடும் முடத்தெங்கு. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று எட்டாகப் பிரித்து அடுக்கினார். இந்த எட்டில் அதிகம் புழங்குவது எருமைதான். தமிழ் வாத்தியார்கள் அதை இன்றுவரை மேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

சொல்பவர் வந்தாயிற்று. கேட்பவர் வந்தாயிற்று. பார்க்க வருபவர் எங்கே?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பள்ளியைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் போலும். நூலை எழுதச் சொன்ன சீயகங்கன் என்ற சிற்றரசன் ஒரே ஒரு நாள், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு" என்று பரிவாரத்தோடு நுழைந்திருந்தால் முனிவர் இன்னும் பத்து நூற்பா சேர்த்திருப்பார். அந்தக் குறையை நிரப்பவே இச்சிறுநூல் எழுந்தது.

நூல் செய்தோன் தகுதி யாதெனின்: திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே முப்பத்தோராண்டு தமிழாசிரியனாக இருந்தவன். பள்ளிக்குக் கிழக்கே கடல், மேற்கே தண்டவாளம், வாசலில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரி வரிசை. அன்னமும் மலையும் எங்கள் பக்கம் கிடையாது. கிடைத்த உவமைகளைக் கொண்டு ஒப்பேற்றியிருக்கிறேன்.

பொது இயல்

காண வருவோர் தலைஇடை கடையென
மூவகைப் படுவர்; வகுப்பது யாதெனின்
விட்டுச் செல்வதன் வேறுபாடு ஆகும்.

உரை: வருகிறவர் என்ன கொண்டுவருகிறார் என்று பார்த்துத் தரம் பிரிப்பது உலக வழக்கு. பெரிய கார், பெரிய பை, பெரிய சால்வை. அது பிழை. போன பிறகு பள்ளியில் எது மிஞ்சுகிறது என்றே பார்க்க வேண்டும். கேள்வி மிஞ்சினால் தலை. பொருளோ குறிப்போ மிஞ்சினால் இடை. வாடிய மாலையும் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் மட்டும் மிஞ்சினால் கடை.

இனி, வரவின் முன்னறிகுறிகள். நடைபாதையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு விழும். ஆண்டு முழுதும் பூட்டியிருக்கும் கழிவறையின் பூட்டு காணாமற்போகும். பீரோவிலிருந்து உலக உருண்டை பாலிதீன் உறையோடு வெளியே வரும், உறை கழற்றப்படாது. நன்றாக வாசிக்கிற பெண் முன் பெஞ்சுக்கு இடம்பெயர்வாள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்கு அன்று மட்டும் உடம்பு சரியில்லை என்று முந்தின நாளே தெரிந்துவிடும். அவன் கேள்வி கேட்கிறவன்.

இவ்வறிகுறிகளுள் ஒன்றும் இல்லாமல் ஒருவர் வந்தால் அவர் பார்வையாளரே அல்லர், வழி கேட்க வந்தவர் என்று கொள்க.

கடை இயல்

கடைப் பார்வையாளர் இருவர்: சங்கு, கண்டெய்னர்.

சங்காவது ஆலைச் சங்கு. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கம்பெனி, மோட்டார் கம்பெனி, டயர் கம்பெனி என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்டு சங்கு ஊதும். கடிகாரம் இல்லாத வீடுகள் அதை வைத்துத்தான் உலை வைத்தன. அந்தச் சங்கால் நேரம் தெரிந்தது. இந்தச் சங்கால் நேரம் போனது மட்டும் தெரியும். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் கொடியோடு வெயிலில். வந்ததும் ஒலி, போகும்போதும் ஒலி, நடுவில் பொன்னாடை. "நல்லாப் படிக்கணும், என்ன?" என்பது இவர்தம் மூலமந்திரம். அதற்குப் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும் "சரிங்க சார்" முந்தின நாள் ஒத்திகையின் பயன்.

கண்டெய்னராவது சீல் வைத்தே வருவது. உள்ளே என்ன ஏற்றலாம் என்று இறங்கும் துறையைக் கேட்டு யாரும் ஏற்றுவதில்லை. ஒரு கோடையில் எங்களுக்கு எண்பது மேசைவிசிறி வந்தது. பள்ளியில் மேசை பதினொன்று. பிளக் பாயிண்ட் நான்கு. நால்வர் சேர்ந்து ஒரு விசிறியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் விசிறி சுற்றவில்லை என்பதை ஒரு சிறுமிதான் கண்டுபிடித்தாள்.

அஃதேல், கண்டெய்னர் இன்றித் துறைமுகம் பிழைக்குமோ எனின், பிழையாது. பிள்ளைகள் இன்று உட்கார்ந்திருக்கும் பெஞ்சும் அப்படி இறங்கியதுதான். ஆகவே கண்டெய்னரைக் கடைக்கும் இடைக்கும் நடுவே உள்ள சுங்கச்சாவடியில் நிறுத்திவைப்பது எம் கோட்பாடு.

இடை இயல்

இடைப் பார்வையாளரும் இருவர்: ஏலக்காரர், பைலட்.

காசிமேட்டில் விடியுமுன் ஏலம் நடக்கும்போது பார்த்தவர்களுக்கு முதல்வகை சொல்லாமலே விளங்கும். மீனை முழுசாகப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புது மீன். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரியும் பிள்ளையை முழுசாகப் பார்ப்பதில்லை. நோட்டைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மை இருந்தால் புதுத் திருத்தம். முந்தின ராத்திரி கண்விழித்து உட்கார்ந்து ஒரு மாதத்து நோட்டுகளுக்கு நாங்கள் செவுள் சிவக்க வைத்ததும் உண்டு; அதை அவர் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டதும் உண்டு. அவரும் ஒருகாலத்தில் மீனாக இருந்தவர்தானே.

பைலட்டாவது துறைமுக பைலட். கப்பல் துறைக்கு வெளியே காத்து நிற்கும். இவர் சின்னப் படகில் போய்க் கயிற்றேணியைப் பிடித்து மேலே ஏறுவார். கரை சேர்த்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். கப்பல் தட்டினால் பொறுப்பு கேப்டனுடையது. புது முறை சொல்லித்தர வருகிற பயிற்சியாளர் எல்லாம் இந்த வகை. இவரிடமும் ஏணி உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது அட்டைகளை வரிசைப்படுத்திய அந்தப் படத்துக்குப் பெயரே கற்றல் ஏணி. ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, அன்று ஆணையராக இருந்த விஜயகுமார் கொண்டுவந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. வாத்தியார் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். கரும்பலகை சுவரின் கீழ்ப்பாதிக்கு இறங்கியது. 2007க்குள் மாநிலம் முழுவதும் பரவியது. அதைப் பார்க்க வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வந்தார்கள். பார்வையாளர் வரலாற்றில் அது ஒரு பொற்காலம். கால்நடையாக வந்தவர், கார்நடையாக வந்தவர் எல்லோரும் பாயில் சம்மணமிட்டு உட்கார வேண்டியிருந்தது. எழுந்திருக்கக் கை கொடுப்பது தமிழாசிரியர் கடமையாயிற்று.

தலை இயல்

தலைப் பார்வையாளர் ஒருவரே: முகத்துவாரம்.

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலைத் தொடும் இடம் அது. ஏற்றத்தில் கடல் உள்ளே வரும், வற்றத்தில் ஆறு வெளியே போகும். இறாலும் நண்டும் அந்தக் கலப்பில்தான் பிழைக்கின்றன. மண் மேடிட்டு வாய் அடைந்தால் இரண்டு பக்கமும் செத்துப்போகும். நல்ல பார்வையாளர் இப்படி. அவரிடமிருந்து பள்ளிக்குள் ஒன்று வரும், பள்ளியிலிருந்து அவருக்குள் ஒன்று போகும். எது எங்கே முடிந்தது என்று கோடு போட முடியாது.

எச்சரிக்கை: முகத்துவாரம் வழியாக வருவதெல்லாம் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய்ப் படலமே வந்து படிந்தது. வாய் திறந்திருப்பதற்கு அதுவும் விலை.

வெளிநாட்டு ஆசிரியர் இயல்

மேற்சொன்ன எந்த வகைக்குள்ளும் புகக்கூடியவர் வெளிநாட்டு ஆசிரியர். ஆதலால் அவருக்குத் தனி இயல் வேண்டும்.

கேட்க வந்தார் பார்க்க வந்தார்
சொல்ல வந்தார் என்றவர் மூவர்.

கேட்க வந்தவருக்கு எடுத்துக்காட்டு சீகன்பால்க். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். சமயம் போதிக்க வந்தவருக்கு முதலில் 'அ'னா தெரிய வேண்டியிருந்தது. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளியையே தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். மூன்றடிப் பிள்ளைகள் நடுவே ஒரு ஜெர்மன் பாதிரி. முன் பெஞ்சுக்கு யாரை நகர்த்துவது என்ற சிக்கலே அங்கே எழவில்லை. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது அந்த மணலில் தொடங்கியதுதான்.

பார்க்க வந்தவருக்கு எடுத்துக்காட்டு ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர். 1789இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் அநாதைகள் விடுதிக்கு மேற்பார்வையாளர். ஒரு நாள் காலை குதிரைச் சவாரி போகும் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் இல்லை, மை இல்லை, செலவு இல்லை. துள்ளிக் குதித்துத் திரும்பியவர் தம் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னார். கீழே இருந்த வாத்தியார்கள் முடியாது என்றார்கள். உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பைக் கொடுத்தார். நடந்தது. தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் அந்த ஏற்பாட்டை 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே பெயர்.

இங்கே ஓர் ஐயம். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் வெகுகாலமாக இருந்தானே, அவன் செய்ததும் இதுதானே எனின், ஆம். மணலுக்குக் கடன்சீட்டு எழுதிக் கொடுத்த பெல், சட்டாம்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. முறையைத் தம் கண்டுபிடிப்பு என்றே சொல்லிவந்தார். குதிரை மேலிருந்து பார்ப்பதில் உள்ள குறை அது. மணல் தெரியும், மணலருகே பிரம்போடு நிற்கிற பையன் யார் என்று இறங்கிக் கேட்டால்தான் தெரியும். ஆனாலும் அவரை நான் தலை வகைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஒரே காரணம், சொல்லாமல் வந்தார். அந்த வாத்தியாருக்குப் பிளீச்சிங் பவுடர் போட நேரமே கிடைக்கவில்லை.

பெல் இன்று ராயபுரத்துக்கு வடக்கே சவாரி போனால் மணலே கிடைக்காது என்பது உபரிச் செய்தி. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எழுந்தபின் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணல் அதன் மறுபக்கத்திலேயே தங்கிவிட்டது. மெரினா அகன்றது, எங்கள் கரை கரைந்தது. இப்போது கடலோரம் முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதென்றால் பாறாங்கல்லில்தான் பழக வேண்டும்.

சொல்ல வந்தவருக்கு எடுத்துக்காட்டு மரியா மாண்டிசோரி. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்தார். சில மாதம் பயிற்சி தந்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியரான அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். மகன் மாரியோவைச் சில காலம் காவலில் வைத்தார்கள். 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், அதில் நல்ல பகுதி கொடைக்கானலில். பார்வை நேரம் முடிந்தும் கேட்டைத் தாண்ட முடியாத பார்வையாளர் வரலாற்றில் இவர் ஒருவரே. மூன்று மாதத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டியவர் ஆண்டுக்கணக்கில் கொடைக்கானல் குழந்தைகளையும் செடிகளையும் உட்கார்ந்து பார்த்தார். சொல்ல வந்தவரைக் கேட்க வைப்பதற்குச் சிறந்த வழி கேட்டைச் சாத்துவது என்று இதனால் பெறப்படும். இதை மற்றப் பார்வையாளருக்கும் செய்து பார்க்கலாமா என்று ஹெச்.எம். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். முறைத்தார்.

எடுத்துக்காட்டு இயல்

இனி எங்கள் பள்ளிக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியர். மின்நிலைய வேலைக்காக எண்ணூர் பக்கம் வந்திருந்த ஒரு ஜப்பானிய இன்ஜினியரின் மனைவி. சொந்த ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஐம்பது வயது இருக்கும். "பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும்" என்று கேட்டாராம். ஆங்கிலம் தெரிந்த ஓர் அலுவலக இளைஞர் மொழிபெயர்ப்புக்குக் கூட வந்தார்.

அறிகுறிகள் எல்லாம் முறைப்படி நிகழ்ந்தன. உலக உருண்டை வந்தது. ஜப்பான் எங்கே என்று காட்ட ஒரு பெண்ணுக்குப் பயிற்சி தரப்பட்டது. பி.எட். படித்த எல்லோரையும் போல நாங்களும் 'டோட்டோ-சான்' வாசித்தவர்கள். ரயில் பெட்டிகளில் வகுப்பு நடந்த அந்த டோமோயே பள்ளியும், பிள்ளை பேசுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட கோபயாஷி ஹெட்மாஸ்டரும் எங்கள் ஸ்டாஃப் ரூமில் உறவினர் மாதிரி. "ராயபுரத்துல 1856லயே ரயில் வந்துச்சு, நமக்கு ஒரு பெட்டி தர மாட்டாங்களா?" என்று கணக்கு சார் கேட்பார். பெட்டி தரவில்லை. சுவரில் ரயில் பெட்டி மாதிரி பெயிண்ட் அடித்துக்கொண்டோம்.

அவர் வந்தார். வகுப்பு வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. வரவேற்புக் குழுவாகிய நாங்கள் எல்லோரும் செருப்போடு நின்றோம். அவர் குனிந்து தம் ஷூவைக் கழற்றினார். கழற்றியதைக் கையால் எடுத்து, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, சுவரோரம் சேர்த்து வைத்தார். பிறகு துணிப்பையிலிருந்து மடக்கிவைத்த மெல்லிய செருப்பு ஒரு ஜோடியை எடுத்தார். ஜப்பானியப் பள்ளிகளில் வெளிச்செருப்பு வேறு, உட்செருப்பு வேறு. பார்க்கப் போகிறவரும் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். அதைப் போட்டுக்கொள்ளப் போனவர் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் வெறுங்காலோடு இருந்தார்கள். செருப்பை மறுபடி மடித்துப் பையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வரிசையாகக் கழற்றினோம். ஹெச்.எம். அம்மாவின் செருப்பு வார் உடனே அவிழவில்லை.

"சார், அவங்க இன்னாத்துக்கு சார் செருப்ப திருப்பி வெச்சாங்க?" என்றான் உடம்பு சரியில்லாமல் போகாத அந்தப் பையன். அவனை அன்று மறந்துபோய் வர விட்டிருந்தோம்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பையன் சொன்னான்: "ஓடும்போது ஈசியா மாட்டிக்கலாம்ல."

வகுப்பில் அவர் பின்சுவரில் சாய்ந்து நின்றார். பாராட்டவில்லை, தலையிடவில்லை, படம் எடுக்கவில்லை. பிள்ளைகளின் கையை மட்டும் பார்த்துக் குறிப்பு எழுதினார். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒருவர் பாடத்தை மற்றவர் உட்கார்ந்து பார்ப்பதும், பிறகு வாத்தியாரைப் பற்றிப் பேசாமல் பாடம் பிள்ளைக்குள் எப்படிப் போனது என்று மட்டும் பேசுவதும் வேலையின் ஒரு பகுதி. பாட ஆய்வு என்று அதற்கே பெயர் உண்டு. அங்கே பார்வையாளர் ஆவதற்கும் பயிற்சி இருக்கிறது. எங்களுக்கு அது புதிது. அரை மணி நேரம் யாரும் எங்களைப் புகழாததால் தவறு நடந்துவிட்டது என்றே நினைத்தோம்.

மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டார். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராய செட்டியார் காலத்தில் மதிய உணவு தொடங்கிய கதையை ஹெச்.எம். அம்மா சொன்னார். அவர் தம் நாட்டில் 1889இல் சுருவோகா என்ற ஊர்ப் பள்ளியில் தொடங்கியதைச் சொன்னார். முட்டையைப் பாதியாகப் பிய்த்துப் பக்கத்துச் சிறுமிக்குக் கொடுக்கப் போக, அவள் தன் முட்டையைக் காட்டி "எனுக்கும் இருக்கு" என்றாள். இரு நாட்டு உறவு அதுவரை சுமுகம்.

சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து சுற்றிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அலுவலக இளைஞர் கொஞ்சம் தயங்கித் தமிழில் சொன்னார்: "துடைப்பமெல்லாம் எங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க."

ஹெச்.எம். அம்மாவின் முகம் வெளுத்தது. பிள்ளையை விட்டுக் கழிவறை கழுவச் செய்தார்கள் என்று பேப்பரில் வந்தால் மறுநாள் சஸ்பெண்ட். "சார், தெளிவா சொல்லிடுங்க. பசங்கள நாங்க தொடப்பத்தத் தொடவே விடறதில்ல. ஆயாம்மா இருக்காங்க."

அது ஆங்கிலம் வழியாக அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. அந்த அம்மாள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் தெரிந்தது. அங்கே மதிய உணவுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் பதினைந்து இருபது நிமிடம் வகுப்பைப் பெருக்கித் துடைப்பார்கள், கழிவறையும் சேர்த்தி. ஏழை, பணக்காரன் என்று விலக்கு இல்லை. பரிமாறுவதும் பிள்ளைகள்தான், வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் மாட்டிக்கொண்டு. 1987 முதல் ஜெட் என்ற அரசுத் திட்டத்தில் அங்கே ஆங்கிலம் சொல்லித்தரப் போகிற வெளிநாட்டு இளைஞர்களுக்கும் சாக்பீசோடு துடைப்பமும் பழகிப்போகும். பெருக்கக்கூடக் கொடுத்துவைக்காத பிள்ளைகளாக எங்கள் பிள்ளைகள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

வருகைப் பதிவேட்டில் மேலிருந்து கீழாக மூன்று வரி எழுதினார். யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் அது பாராட்டுதான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஷூ திரும்பியே இருந்ததால் குனியாமல் மாட்டிக்கொண்டு போனார். மறுவாரம் முழுக்க வகுப்பு வாசலில் செருப்புகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றன.

விளைவு இயல்

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் டீ ஆறிப்போனது. கணக்கு சார்தான் ஆரம்பித்தார். "அங்க 'பெருக்கு'ன்னா எல்லாரும் பெருக்குவான். இங்க 'நீ போய்ப் பெருக்கு'ன்னு சொன்னா நாம யாரப் பார்த்துச் சொல்லுவோம்?"

ஒருவரும் பேசவில்லை. நான் படித்த பள்ளி நினைவுக்கு வந்தது. பானையில் குடிதண்ணீர் மொண்டு வைக்க ஒரு பையன். கழிவறைக்குத் தண்ணீர் ஊற்ற வேறொரு பையன். எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் அப்போது கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத தெருவில் பிறந்திருந்தேன்.

ஹெச்.எம். அம்மா ஒரு முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசி அரைமணி வகுப்பறை மட்டும் பெருக்குவது. முதல் துடைப்பம் தம் கையில், அடுத்து ஆசிரியர்கள், பிறகு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகள், ஒருவர் விடாமல். கழிவறைப் பக்கம் யாரும் போகக் கூடாது. ஆயாம்மா ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "டீச்சர், தொடப்பத்த அப்டி புடிக்கக் கூடாது, இடுப்பு போய்டும்" என்று ஹெச்.எம். அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு அந்த ஆண்டில் வாய்க்கவில்லை.

மூன்று வெள்ளி நடந்தது. நான்காவது திங்கள் காலை ஓர் அம்மா கேட்டில் வந்து நின்றார். கையில் பை, காலில் அவசரம். வேலைக்குப் போகிற வழி.

"எம் பொண்ண பெருக்கவா இங்க அனுப்பிக்கினு கீறேன்? நான் நாலு வூட்ல பெருக்குறதே இது பெருக்கக் கூடாதுன்னுதான்."

ஹெச்.எம். அம்மா விளக்கினார். ஜப்பானைச் சொன்னார். தாமே பெருக்கியதைச் சொன்னார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க பெருக்குனா அது பாடம் டீச்சர். எம் பொண்ணு பெருக்குனா அது வேலதான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

வெள்ளிக்கிழமைத் திட்டம் அத்தோடு நின்றது. துடைப்பங்கள் ஆயாம்மாவிடம் திரும்பின. சரியா தப்பா என்று ஸ்டாஃப் ரூமில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. நான் ஓய்வு பெறும்வரை இரண்டிலும் இருந்தேன்.

புறனடை

சொன்ன வகையுள் அடங்கா தோரையும்
சொன்ன நெறியால் கொண்டனர் கொளலே.

உரை: எந்த இலக்கண நூலும் கடைசியில் ஒரு புறனடை வைக்கும். விட்டுப்போனதை அறிந்தோர் சேர்த்துக்கொள்க என்பது பொருள். நூலாசிரியன் தன் கவனக்குறைவைக் கௌரவமாக ஒப்புக்கொள்ளும் இடம் அது.

இந்நூலைச் செய்து முடித்தபின் முதல் நூற்பாவைத் திரும்பப் படித்தேன். விட்டுச் செல்வது கேள்வியானால் தலை. ஜப்பான் டீச்சர் ஒரு கேள்வி விட்டுச் சென்றார், ஆதலால் தலை, ஐயமில்லை. கேட்டில் நின்ற அம்மாவை எங்கே வைப்பது? பள்ளிக்கு வெளியிலிருந்து வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றை விட்டுச் சென்றார். இலக்கணப்படி அவரும் பார்வையாளர், வகைப்படி தலை. அறிகுறிகள் இல்லாமல் வருகிறவர் வழி கேட்க வந்தவர் என்று நானே விதி எழுதியிருக்கிறேன். அந்த விதியை அடித்துவிட்டேன்.

பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். மூன்று வரி ஜப்பானிய எழுத்து. அடுத்த பக்கத்தில் ஏலக்காரரின் சிவப்புக் கையெழுத்து. இரண்டுக்கும் நடுவே எதுவுமில்லை. நாற்காலி போட்டிருந்தால் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்திருந்தால் நோட்டை நீட்டியிருப்போம். நாங்கள் கேட்டைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.